ஒன்றையும் தூக்கிப் போடாதவன்

உங்கள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் இருக்கிற படம் சரியில்லை. தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள் ஐயா, முகத்தைச் சொல்லவில்லை. முகம் லட்சணமாகத்தான் இருக்கிறது. நெற்றியில் வெளிச்சம் அடித்து, அந்த இடமே வெள்ளைக் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. எடுத்தவன் ஜேபெக் வடிவத்தில் எடுத்திருக்கிறான். ரா வடிவத்தில் எடுத்திருந்தால் இப்போதுகூட நான் உங்கள் நெற்றியை மீட்டுக் கொடுத்துவிடுவேன். ஜேபெக்கில் போனது போனதுதான்.

நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்கிறீர்கள். எனக்கு முதல் என்றால் அங்கேதான் முதல். கேமராவின் மெனுவுக்குள் போனால், படத்தை எந்த வடிவத்தில் சேமிக்க என்று ஒரு கேள்வி வரும். பாதிப் பேர் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்கள் அதற்கு என்ன பதில் சொல்கிறார்கள் என்பதை வைத்தே ஆளை எடை போட்டுவிடலாம் என்பது என் கட்சி.

உங்கள் எழுத்தர் விழிக்கிறார். அவருக்காகச் சொல்கிறேன். ரா என்பது கடையில் வெட்டி வாங்கி வந்த துணி. ஜேபெக் என்பது தைத்து, இஸ்திரி போட்டு, அட்டையில் மடித்து வைத்த சட்டை. கேமராவே தைத்துக் கொடுத்துவிடும். மாட்டிக்கொண்டு கிளம்பலாம், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் வெட்டிய மிச்சத்தை அது அங்கேயே குப்பையில் போட்டுவிடுகிறது. நாளைக்கு அக்குளில் பிடிக்கிறது, கொஞ்சம் பிரித்து விடுங்கள் என்றால், பிரிப்பதற்கு உள்ளே துணி இருக்காது. கண்ணுக்குத் தெரியாததைத்தான் நீக்குகிறோம் என்பார்கள். யாருடைய கண்ணுக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. நிழலுக்குள் இருப்பதெல்லாம் ஜேபெக்குக்கு வெறும் கறுப்பு. ராவில் அந்த நிழலுக்கு மட்டும் வெளிச்சம் கூட்டி, அதைத் தூக்கிப் பார்க்கலாம். தூக்கத் தூக்க, இருட்டில் கிடந்த நாற்காலி தெரியும், அதன்மேல் மடித்துப் போட்ட போர்வை தெரியும்.

நான் ஒன்றையும் தூக்கிப் போடாதவன். என்னைப் பற்றி வேறு எதை எழுதிக்கொண்டாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

நானும் என் தங்கையின் கணவரும் சேர்ந்துதான் ஸ்டூடியோ நடத்தினோம். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். முன்னால் கண்ணாடிக் கதவு, கவுண்டரில் தங்கை, அதற்குப் பின்னால் திரைகளும் விளக்குகளும், கடைசியில் ஜன்னலே இல்லாத என் அறை. அந்த அறையின் சுவருக்குச் சாம்பல் நிறம்தான் அடித்திருந்தேன். வேறு நிறம் இருந்தால் திரையில் நிறம் பார்க்கும் கண் ஏமாந்துவிடும். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க ஹார்டு டிஸ்க். நான் தொழிலுக்கு வந்ததிலிருந்து எடுத்த ஒவ்வொரு ராவும் அதில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டவர்கள், கொட்டாவி விட்டவர்கள், கேமராவுக்கு முன்னால் குறுக்கே போனவர்கள் உட்பட.

வாடிக்கையாளர்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'அடுத்த வாரம்'. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு எனக்கு எதிரிலேயே சொல்வார்கள். மாப்பிள்ளையின் பெயர் 'சுடச்சுட'. அவர் ஜேபெக்காரர். மத்தியானம் எடுத்த கல்யாணத்தைச் சாயங்காலம் கையில் கொடுத்துவிடுவார். எல்லா முகமும் ஒரே மாவில் செய்த மாதிரி வழவழவென்று இருக்கும். ஜனங்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். நான் ஒரு கல்யாணத்துக்குத் தோல் நிறத்தைச் சரிபார்த்து முடிப்பதற்குள், அந்தத் தம்பதி பிரிந்தே போய்விட்டார்கள். ஆல்பம் வேண்டாம் என்று தனித்தனியாக ஆள் விட்டுச் சொன்னார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் கன்னத்துச் சிவப்பு எவ்வளவு சரியாக வந்திருந்தது தெரியுமா? அதை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒரு பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு இரண்டு பேருமே போனோம். ஓட்டப் பந்தயம். ரா படங்கள் கனமானவை. தொடர்ந்து எடுத்தால், எடுத்ததைக் கார்டில் இறக்கி முடிக்கும்வரை கேமரா கொஞ்சம் நின்றுவிடும். எல்லைக் கயிற்றை நெஞ்சால் தொட்ட பிள்ளையை மாப்பிள்ளை எடுத்துவிட்டார். என் கேமரா விழித்துக்கொண்டபோது தரையில் கயிறுதான் கிடந்தது. அவர் என் தோளில் கை போட்டு, "வேகமா நடக்கிற விஷயத்துக்கெல்லாம் ஜேபெக்தான் மச்சான். உங்க ரா நாலு படம் எடுத்துட்டு மூச்சு வாங்குது" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கயிற்றின் நார் ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி என் படம் வந்திருந்தது.

மாப்பிள்ளை நல்லவர். இதில் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. என் தங்கையை அவர் ஒரு நாளும் முகம் வாட விட்டதில்லை. கடைக்கு வருகிற அழுமூஞ்சிக் குழந்தைகள் அவர் கையில் போனால் சிரித்துவிடும். நான் கையில் எடுத்தால் சிரிக்கிற குழந்தையும் உற்றுப் பார்க்கும்.

போன வருடம் என் இடது கண்ணில் சின்ன அறுவை நடந்தது. வெளிச்சம் படக் கூடாது, திரைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்தேன். தங்கை சாப்பாடு கொண்டுவருவாள். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால், கடையில் தலைக்கு மேல் வேலை என்பாள், சொல்லும்போதே சிரிப்பை அடக்கிக்கொள்வாள். கட்டுப் பிரித்து நான் கடைக்குப் போன அன்று இரண்டு பேரும் வாசலிலேயே காத்திருந்தார்கள். மாப்பிள்ளை என் கண்ணைப் பொத்த வந்து, அறுவை ஞாபகம் வந்து, கையை இழுத்துக்கொண்டு, தோளைப் பிடித்து என் அறைக்குள் அழைத்துப் போனார்.

அலமாரி காலியாக இருந்தது. மேஜைமேல் ஒரே ஒரு சின்ன டிஸ்க், அதைச் சுற்றி ஒரு ரிப்பன்.

"எல்லாத்தையும் ஜேபெக்கா மாத்திட்டேன் மச்சான். பேர் வாரியா அடுக்கியாச்சு. பாக்கி நின்ன எல்லாருக்கும் அனுப்பியும் விட்டாச்சு. ஒரு அம்மா போன்ல அழுதே போட்டாங்க, சந்தோஷத்துல."

"ரா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அழிச்சுட்டேன். எவ்வளவு இடத்தை அடைச்சுட்டு இருந்துச்சு! கவலையே படாதீங்க, ஒண்ணும் போகலை மச்சான். எல்லா முகமும் அப்படியே இருக்கு."

தங்கை கைதட்டினாள். "இனிமே நீ கண்ணைக் கெடுத்துக்க வேண்டாம் அண்ணா" என்றாள். நான் நன்றி சொன்னேன். ரிப்பனை அவிழ்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இன்றும் வைத்திருக்கிறேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதச் சொல்லுங்கள். ஆத்திரத்தில் செய்ததாகச் சொன்னால் தண்டனை குறையும் என்று என் வக்கீல் காதில் ஓதிக்கொண்டே இருக்கிறார். குறையட்டும் என்பதற்காக இல்லாத கோபத்துக்கு நான் எங்கே போவது? எனக்கு வந்தது ஒரு யோசனைதான். ஒருவன் கண்ணைக் கட்டிப் படுக்க வைத்துவிட்டு, அவன் கண் பார்த்ததை எல்லாம் அழித்துவிடுவதற்கு என்ன பெயர் என்று யோசித்தேன். உங்கள் சட்டத்தில் அதற்குப் பிரிவு இல்லை. தேடிப் பார்த்தேன்.

பிறகு எல்லாம் வழக்கம்போல நடந்தது. சேர்ந்து சாப்பிட்டோம், சேர்ந்து வேலைக்குப் போனோம். அப்போதுதான் ஒரு கட்டடக்காரர், பாதி முடிந்த தன் அடுக்குமாடியை விளம்பரத்துக்காகப் படமெடுக்கக் கூப்பிட்டார். அன்று அங்கே வேலையாட்களுக்கு விடுமுறை. வாசலில் எஞ்சினியர் மட்டும் இருந்தார். "மேல் மாடியில லிஃப்ட் குழிக்கு இன்னும் கதவு வைக்கலைங்க. பலகை வச்சு அடைச்சிருக்கோம். அந்தப் பக்கம் போயிடாதீங்க, அவர்கிட்டயும் சொல்லிடுங்க" என்றார். மாப்பிள்ளை தள்ளி நின்று போனில் யாருக்கோ, சாயங்காலமே படம் தருவதாக வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். "சொல்லிடறேன்" என்றேன்.

சொல்வதாகத்தான் இருந்தேன். படியேறும்போது அவர் வேறு பேச்சை எடுத்துவிட்டார். "மச்சான், உங்க கேமராவுலயும் அந்த ராவை எடுத்துட்டு ஜேபெக்கே வச்சிடலாமா? நானே மாத்தித் தர்றேன். உங்க கண்ணுக்கும் ரெஸ்ட்டு" என்றார். பேச்சு சுவாரசியமாகப் போனதில் குழி மறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேல் மாடியில் ஒரு பக்கம் சுவரே இல்லாமல் வானம், அதிலிருந்து கண் கூசும் வெளிச்சம். இன்னொரு பக்கம் கும்மிருட்டு. அந்த இருட்டில்தான் பலகை. விளக்கை வண்டியிலேயே விட்டுவிட்டோம் என்று மாப்பிள்ளை எடுத்துவரக் கீழே போனார். பலகை பார்க்கச் சகிக்கவில்லை. சிமெண்டு வழிந்து, ஒரு மூலையில் அழுக்குச் சிவப்புத் துணி கட்டி. படத்தில் அதை வைத்துக்கொண்டு எந்தப் போட்டோகிராபரும் எடுக்க மாட்டார். நகர்த்திப் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்தேன். என் சாம்பல் அட்டையை அதன்மேல் செருகினேன். வெளிச்சத்தின் நிறத்தை அளப்பதற்காகப் படத்துக்குள் எங்காவது அந்த அட்டையை வைப்பது என் பழக்கம், பிறகு அதைப் பார்த்துத்தான் நிறத்தைச் சரிசெய்வேன். என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பேன். ஜேபெக் எடுக்கிறவர்களுக்கு இந்தச் சிரத்தை எல்லாம் கிடையாது.

மாப்பிள்ளை விளக்கோடு மூச்சு வாங்க வந்தார். மாடி எவ்வளவு உயரம் என்று பார்க்கிறவர்களுக்குப் புரிய ஒரு ஆள் நிற்க வேண்டும், நில்லுங்கள் என்றேன். படத்தில் நிற்க அவருக்கு எப்போதும் ஆசை. சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "பின்னாடி என்ன மச்சான், ஒரே இருட்டா இருக்கே?" என்று கேட்டார்.

நான் அந்த இடத்தை ஒரு படம் எடுத்து, கேமராவின் திரையைக் காட்டினேன். பார்த்தார். கரிப்பலகை மாதிரி கறுப்பாக இருந்தது. "சுவர்தான்" என்று அவரே சொன்னார்.

உங்கள் எழுத்தர் இங்கே கவனிக்க வேண்டும். ராவில் எடுத்தாலும், அந்தச் சின்னத் திரையில் கேமரா காட்டுவது ஒரு சின்ன ஜேபெக்கைத்தான். மாப்பிள்ளை அதை நம்பினார். வாழ்நாள் முழுக்க அதை நம்பியவர் அன்றைக்கு மட்டும் நம்பாமல் இருப்பாரா? நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. சுவர் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவேயில்லை.

விளக்கை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினேன்.

"கொஞ்சம் பின்னாடி போங்க மாப்பிள்ளை."

"இன்னுமா? தொப்பை தெரியுதா?"

"தெரியலை. இன்னும் கொஞ்சம். தலைக்கு மேல இடம் வேணும்."

சிரித்துக்கொண்டே போனார்.

உங்களுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த அதிகாரி ரொம்ப மரியாதைப்பட்டவர். பலகைமேல் சாய்ந்தார், பலகை விட்டுக்கொடுத்துவிட்டது என்று நான் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பலகையும் குழிக்குள் அவர் பக்கத்திலேயே கிடந்தது. அதை நான்தான் பிறகு உள்ளே தள்ளிவிட்டேன், அட்டையை எடுத்துக்கொண்டு. எஞ்சினியர் தன் பங்குக்கு, எங்கே எல்லாம் தன் தலையில் விழுந்துவிடுமோ என்று வாயையே திறக்கவில்லை. கடைசியாக எடுத்த படம் இருந்தால் அனுப்புங்கள் என்று அதிகாரி கேட்டார். ரா என்றால் திறக்கவே வேறு மென்பொருள் வேண்டும் என்றேன். "சாதாரணமா எல்லாரும் அனுப்புற மாதிரி அனுப்புங்களேன்" என்றார். நான் மனமறிந்து அடுத்தவருக்குக் கொடுத்த முதல் ஜேபெக் அது. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் பலகை நிற்பதாக நினைத்துக்கொள்ள ஒரு தடையும் இல்லை. விபத்து என்று முடித்துவிட்டார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் நான் இன்று உங்கள் முன் உட்கார்ந்திருக்க மாட்டேன். தங்கைதான் ஒரு நாள் என் அறை வாசலில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் வீங்கி, தலைகூட வாராமல். "அண்ணா, கடைசியா எடுத்தியே, அதுல நல்லா சிரிச்சிருக்கார். அதைப் பெருசாப் போட்டு வீட்டுல மாட்டணும்" என்றாள். போட்டுத் தருகிறேன் என்றேன். "நான் பண்றேன். எனக்கும் கைக்கு ஏதாவது வேலை வேணும். உன்னோட அந்தப் பெரிய ஃபைலையே குடு. அதுலதான் ஒண்ணும் போகாதுன்னு நீ சொல்வியே."

நான் யோசிக்காமல் கொடுத்தேன் என்று நினைக்காதீர்கள். நன்றாகவே யோசித்தேன். அந்த ஜேபெக்கையே கொடுத்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டது ஆளுயரப் படம். அந்த அளவுக்கு இழுத்தால் முடி ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும், கன்னம் மெழுகு மாதிரி ஆகிவிடும். என் தங்கை வீட்டுச் சுவரில், அவள் கணவர் படம், என் கையால் எடுத்தது, காலத்துக்கும் அப்படித் தொங்குவதா? மனசு கேட்கவில்லை. அவளை நான் உயிராக நினைக்கிறவன். பென் டிரைவில் ராவைப் போட்டுக் கையில் கொடுத்தேன். ராவை வெட்டவோ மறைக்கவோ முடியாது, அது உள்ளது உள்ளபடிதான் போகும். அதுதானே அதன் அழகு.

நிழலைத் தூக்க அவளுக்குக் கற்றுக் கொடுத்ததும் நான்தான். கடையில் கூட்டம் இல்லாத சாயங்காலங்களில் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவாள். நல்ல கை அவளுக்கு. பதறாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குவாள்.

மறுநாள் என்னைக் கவுண்டர் கணினிக்குக் கூப்பிட்டாள். அவர் தலைமுடி கறுப்போடு கலந்து போயிருந்ததாம், முடியைப் பிரித்தெடுக்கத்தான் தூக்கியிருக்கிறாள். திரையில் அவர் நின்றார். பின்னால் லிஃப்ட் குழியின் வாய் முழுசாகத் திறந்திருந்தது. உள்ளே இரும்புக் கம்பிகள்கூடத் தெரிந்தன. பக்கத்துச் சுவரில் பலகை. பலகைமேல் என் அட்டை, என் பெயரோடு.

"அண்ணா, இது உன் அட்டைதானே?"

"ஆமா."

"பலகைமேல சாய்ஞ்சார்னு சொன்னே. பலகை இங்க இருக்கு."

நான் குனிந்து பார்த்தேன். "நிழலை ரொம்பத் தூக்கிட்டே. பொரிப்பொரியா வருது பார். கொஞ்சம் இறக்கு" என்றேன்.

அவள் இறக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். சின்ன வயசிலிருந்து அவளை எத்தனையோ படம் எடுத்திருக்கிறேன், அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. அப்போது கையில் கேமராவும் இல்லை. "அவருக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அங்க நிக்க வச்சே" என்றாள். அழவில்லை. பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு, கடைக் கதவைக்கூடச் சாத்தாமல் நேரே இங்கே வந்தாள். நான் தடுக்கவில்லை. விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டு உங்கள் ஆட்களுக்காகக் காத்திருந்தேன்.

ஒரு சின்னக் குறை. உங்கள் கோப்பில் இருக்கும் பிரதியை நேற்றுக் காட்டினீர்கள். உங்கள் கணினியில் ரா திறக்காததால் யாரோ ஜேபெக்காக மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் தோல் மஞ்சள் பூத்துப் போயிருக்கிறது. அட்டைதான் படத்திலேயே இருக்கிறதே, அதைப் பார்த்து நிறத்தைச் சரிசெய்யக் கூடாதா? கோர்ட்டில் வைப்பதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால், நானே செய்து தருகிறேன். அடுத்த வாரம் வரை நேரம் கொடுங்கள்.

கை எட்டும் தூரத்தில் நின்றும் பிடிக்கத் தோன்றவில்லையா என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கேமரா முக்காலியில் இருந்தது, என் இடது கை சும்மாதான் இருந்தது. அவர் குதிகால் விளிம்பைத் தாண்டியபோது சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. பிறகு என் பக்கம் கையை நீட்டி, "மச்சான்" என்றார். நான் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தேன். விடாமல் தொடர்ந்து எடுக்கும்படி காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே மாற்றி வைத்திருந்தேன்.

அந்தப் படங்கள் இருக்கிற கார்டு என் கேமரா பையின் உள்பக்க ஜேபில் இருக்கிறது. உங்கள் ஆட்கள் பையைக் கவிழ்த்துக் கொட்டியும் அதைப் பார்க்கவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள், நான் அழிக்கவில்லை. நான்தான் ஒன்றையும் அழிக்கிறவன் இல்லையே. ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். நாலே படம்தான் விழுந்தது. நாலாவதில் அவர் விரல்கள் இவ்வளவு பக்கத்தில், நகத்தின் வெள்ளைகூடத் தெரிகிறது. அதற்குமேல் கேமரா நின்றுவிட்டது, சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. அது விழித்துக்கொண்டபோது படத்தில் யாரும் இல்லை.

வருத்தம் உண்டா என்று உங்கள் தாளில் கடைசியாக ஒரு கேள்வி இருக்குமே. உண்டு என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஒரு விஷயத்தில் மாப்பிள்ளை சொன்னதுதான் சரி. அன்றைக்கு ஒரு நாளாவது நான் ஜேபெக்கில் வைத்திருக்க வேண்டும்.